ஏன் என்று எழுதினீர்களா?

ஐந்து வருடங்களுக்கு முன்பு வெளியான என் கட்டுரை ஒன்றைப் படித்துவிட்டு, முன்பின் தெரியாத ஓர் ஆய்வாளர் மின்னஞ்சல் அனுப்பியிருந்தார். ஒரே ஒரு கேள்வி. 'கரைசலை வடிகட்டினோம் என்று எழுதியிருக்கிறீர்கள். எந்த வடிகட்டி? 0.22 மைக்ரானா, 0.45 மைக்ரானா?' மூன்று மாதமாக அதே சோதனையைச் செய்து பார்க்கிறார், முடிவு வரவில்லை. என்னால் பதில் சொல்ல முடியவில்லை. என் குறிப்பேடு பழைய ஆய்வகத்தோடு போய்விட்டது. அதில் எழுதி வைத்திருந்தேனா என்பதே நினைவில்லை. 'மன்னியுங்கள், இரண்டையும் முயன்று பாருங்கள்' என்று பதில் அனுப்பினேன். ஒருவருடைய மூன்று மாத உழைப்புக்கு நான் கொடுத்த விடை அவ்வளவுதான். அந்த உறுத்தல்தான் என்னை இந்த வேலைக்குக் கொண்டுவந்தது.

இப்போது ஆய்வாளர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். கட்டுரை அச்சாகும்வரை காத்திருக்காமல், ஆய்வு நடக்கும்போதே ஒவ்வொரு படியையும் பொதுவில் வைப்பது எப்படி என்பதுதான் பாடம். கேள்வி, கருதுகோள், செய்முறை, தரவு, கணினி நிரல், பலிக்காமல் போன முயற்சி எல்லாமே இதில் சேரும்.

ஆரம்பத்தில் புள்ளிவிவரங்களோடு வகுப்பைத் தொடங்குவேன். உளவியல் ஆய்வுகள் 100-ஐ மறுபடி செய்து பார்த்து 2015-ல் வெளியிட்டார்கள். மூல ஆய்வுகளில் 97 சதவீதம் புள்ளியியல்படி குறிப்பிடத்தக்க, அதாவது தற்செயல் என்று எளிதில் ஒதுக்க முடியாத, முடிவைச் சொல்லியிருந்தன. மறுசோதனையில் 36 சதவீதத்தில்தான் அப்படி வந்தது. அடுத்த வருடம் நேச்சர் இதழ் 1,576 ஆய்வாளர்களிடம் கேட்டபோது, 70 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் இன்னொருவரின் சோதனையைச் செய்து பார்த்துத் தோற்றிருக்கிறோம் என்றார்கள். இதைத் திரையில் காட்டியதும் அறை அமைதியாகிவிடும். நான் அதைக் கவனம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒருமுறை முன்வரிசையில் இருந்த மூத்த பேராசிரியர், 'எங்கள் துறை உளவியல் இல்லையே' என்று சொல்லிவிட்டுக் கைகட்டி உட்கார்ந்துகொண்டார். அப்போதுதான் புரிந்தது. குற்றம் சாட்டுவது போலத் தொடங்கினால், கேட்பவர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் பார்ப்பார். கற்றுக்கொள்ள மாட்டார்.

அதற்கப்புறம் வெள்ளைத் தாளோடு தொடங்குகிறேன். 'நேற்று ஆய்வகத்தில் என்ன செய்தீர்கள்? பக்கத்தில் இருப்பவர் அதை அப்படியே திரும்பச் செய்யும் அளவுக்கு எழுதுங்கள்.' பத்து நிமிடம். பிறகு தாள்களை மாற்றிக்கொள்ளச் சொல்வேன், முடிந்தவரை வேறு துறைக்காரரோடு. ஒரு வேதியியல் மாணவர் 'கலவையை அறை வெப்பநிலையில் இரவு முழுக்க வைத்தேன்' என்று எழுதியிருந்தார். அதை வாங்கிப் படித்த மொழியியல் ஆய்வாளர் கேட்டார்: 'அறை என்றால் எத்தனை டிகிரி? இரவு என்றால் எத்தனை மணி நேரம்?' மாணவர் சட்டென்று, 'எங்கள் துறையில் எல்லோருக்கும் தெரியும்' என்றார். அவருடைய ஆய்வகத்திலிருந்தே வந்திருந்த இன்னொருவரைக் கேட்டோம். இவர் 16 மணி நேரம் என்றார், அவர் 10 என்றார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்ட அந்த நொடி, என் பழைய புள்ளிவிவரங்கள் எல்லாம் சேர்ந்து செய்யாததைச் செய்தது.

இதற்கு அடுத்து வருவது பயம். 'யாராவது என் யோசனையை எடுத்துக்கொண்டால்?' எல்லா வகுப்பிலும் வரும் கேள்வி இது, நியாயமானதும்கூட. ஐரோப்பிய இயற்பியல் ஆய்வு மையமான செர்ன் நடத்தும் ஜெனோடோ போன்ற இணையக் களஞ்சியத்தில் ஒரு செய்முறையை ஏற்றினால், டிஓஐ என்ற நிரந்தர அடையாள எண்ணும் வெளியிட்ட தேதியும் உங்கள் பெயரும் அதன் மேல் பதிந்துவிடும். மேசை இழுப்பறையில் கிடக்கும் யோசனைக்கு அந்தச் சாட்சி கிடையாது. மனித மரபணுத் தொகுதித் திட்டத்தில் வேலை செய்தவர்கள் 1996-ல் பெர்முடாவில் கூடி, வரிசைப்படுத்திய டிஎன்ஏ தகவலை 24 மணி நேரத்துக்குள் பொதுவில் விடுவது என்று முடிவெடுத்தார்கள். அவ்வளவு பெரிய போட்டி நடந்த துறையிலேயே அது நடந்திருக்கிறது. 2006-ல் ழான்-க்ளோட் பிராட்லி என்ற வேதியியலாளர் தன் ஆய்வகக் குறிப்பேட்டையே இணையத்தில் திறந்துவைத்து, அந்த வழக்கத்துக்குத் திறந்த குறிப்பேட்டு அறிவியல் என்று பெயரும் வைத்தார். தோற்ற சோதனைகளும் அதில் இருந்தன.

ஆனால் நெருங்கிப் பழகிய பிறகு தெரிகிறது, திருட்டுப் பயம் பலருக்கு வாயில் வரும் காரணம் மட்டுமே. உள்ளே இருப்பது கூச்சம். அரைகுறையாக இருப்பதை ஊர் பார்க்கக் கூடாது என்ற கூச்சம். நம் பயிற்சி முழுவதும் முடிந்ததைக் காட்டுவதற்கான பயிற்சி. கட்டுரையில் ஆய்வு நேர்கோடாக ஓடும்: கேள்வி கேட்டோம், சோதித்தோம், கண்டுபிடித்தோம். ஆய்வு செய்த யாருக்கும் தெரியும், அது அப்படி நடக்கவே இல்லை. இந்த இடத்தில் நான் வானியலாளர் கெப்ளரைப் பற்றிச் சொல்வேன். செவ்வாயின் பாதையைப் பற்றி 1609-ல் அவர் வெளியிட்ட நூலில், தான் நுழைந்து முட்டித் திரும்பிய வழிகளையெல்லாம் கணக்கோடு எழுதியிருக்கிறார். அரும்பாடுபட்டு உருவாக்கிய ஒரு கணித மாதிரி, டைக்கோ பிராகே என்ற வானியலாளரின் அவதானிப்புகளோடு 8 கலை அளவு, அதாவது ஒரு பாகையில் ஏழில் ஒரு பங்குக்கும் கொஞ்சம் குறைவாக, ஒத்துவரவில்லை. அதை மறைக்கவில்லை. அந்த 8 கலையை வைத்தே மாதிரியைத் தூக்கிப்போட்டுவிட்டு மேலே போனார், நீள்வட்டம் கிடைத்தது. தோல்வியை அவர் எழுதி வைத்ததால்தான், நீள்வட்டத்துக்கு அவர் எப்படி வந்தார் என்று நமக்குத் தெரிகிறது.

இன்னொரு தடை பற்றி நான் மழுப்புவதில்லை. 'இதற்கு மதிப்பெண் உண்டா? பதவி உயர்வுக் குழு கட்டுரையைத்தானே எண்ணுகிறது?' உண்மைதான். பெரும்பாலான இடங்களில் இன்னும் அப்படித்தான். 2022-ல் தொடங்கிய ஆக்டோபஸ் என்ற தளம் ஆய்வைப் பிரித்து, ஆய்வுக் கேள்வி, கருதுகோள், செய்முறை, முடிவு, பகுப்பாய்வு, விளக்கம், நடைமுறைப் பயன், சக ஆய்வாளர் மதிப்பாய்வு என எட்டு வகையாகத் தனித்தனியே வெளியிட வைக்கிறது. நல்ல கேள்வி கேட்டவருக்கு அந்தக் கேள்விக்காகவே பெயர் கிடைக்கும் ஏற்பாடு அது. எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு. ஆனாலும் வேலை நிரந்தரமாகாத ஒரு இளம் ஆய்வாளரிடம் 'எல்லாவற்றையும் இன்றே திற' என்று நான் சொல்வதில்லை. ஒரு படியைத் திறங்கள் என்கிறேன். அவருடைய நெறியாளரிடம் தனியாகப் போய்ப் பேசுகிறேன். இந்த வேலையில் பாதி அந்தப் பேச்சுதான்.

திறக்கக் கூடாதவையும் உண்டு, அதைச் சொல்லாமல் வகுப்பை முடிப்பது தவறு. நோயாளியின் விவரம், ஒப்புதல் தராதவரின் நேர்காணல், அருகிவரும் உயிரினம் இருக்கும் இடம். இவற்றில் தரவை மூடிவைத்துச் செய்முறையை மட்டும் திறக்கலாம்.

பயிற்சிக்கு வந்த ஒரு முனைவர் பட்ட மாணவியைப் பற்றிச் சொல்ல வேண்டும். இரண்டு வருடத் தரவை வெளியிடத் தயார் செய்துகொண்டிருந்தார். அவருடைய எக்ஸெல் பைலில் எல்லாமே ஒழுங்கு: நெடுவரிசைகளுக்குத் தெளிவான பெயர், அலகுகள், தனியாக ஒரு விளக்கக் குறிப்பு. நான் பாராட்டிக்கொண்டே வந்தேன். 17, 18, 23 என்ற மூன்று வரிசைகள் மஞ்சள் நிறத்தில் இருந்தன. பக்கத்தில் 'நீக்கப்பட்டது' என்ற ஒற்றைச் சொல்.

'ஏன் நீக்கினீங்க?'

அவர் குறிப்பேட்டை எடுத்துப் புரட்டினார். அந்த வாரத்தின் பக்கத்திலும் '3 மாதிரிகள் நீக்கம்' என்றுதான் இருந்தது. கையெழுத்து அவருடையதே. இருபது நிமிடம் தேடினோம். 'ஏதோ காரணம் இருந்தது சார், சும்மா நீக்கியிருக்க மாட்டேன்' என்றார். குரல் உடைந்துவிட்டது. மூன்றையும் சேர்த்தால் முடிவு மாறுமா என்று கணக்கிட்டுப் பார்த்தோம். திசை மாறவில்லை, ஆனால் வித்தியாசம் கணிசமாகக் குறைந்தது.

நாம் என்ன செய்தோம் என்பதை எப்படியோ எழுதிவிடுகிறோம். ஏன் என்பதை எழுதுவதில்லை, ஏனென்றால் அந்த நாளில் அது அவ்வளவு வெளிப்படையாகத் தெரிகிறது. ஆறு மாதத்தில் அழிந்துபோவது அதுதான். இப்போது என் வகுப்பில் படிவம் ஒன்று இருக்கிறது, மூன்றே கேள்வி: என்ன முடிவெடுத்தீர்கள், ஏன், வேறு என்ன செய்திருக்கலாம். அதை அந்த மாணவியின் பைலைப் பார்த்த அன்று மாலைதான் எழுதினேன்.

அவரிடம் இரண்டு வழி இருந்தது. மஞ்சள் வரிசைகளை அழித்துவிட்டு மீதியை வெளியிடலாம், யாருக்கும் தெரியாது. அல்லது உள்ளதை உள்ளபடி சொல்லலாம். ஒரு வாரம் யோசித்தார். நான் எதுவும் வற்புறுத்தவில்லை. பிறகு என் அறைக்கு மடிக்கணினியோடு வந்தார். விளக்கக் குறிப்பில் புதிதாக மூன்று வரிகள் இருந்தன: '17, 18, 23 ஆகிய மாதிரிகள் பகுப்பாய்வில் சேர்க்கப்படவில்லை. நீக்கியதற்கான காரணம் பதிவாகவில்லை. சேர்த்தும் சேர்க்காமலும் கிடைத்த இரு முடிவுகளும் கீழே உள்ளன.' வெளியிடு என்ற பொத்தானின் மேல் சுட்டியை வைத்துவிட்டு வெகுநேரம் இருந்தார். நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன். அழுத்திவிட்டார்.

ஐந்து வாரம் கழித்து, அவருடைய ஆய்வகத்தை விட்டு வேறு நிறுவனத்துக்குப் போயிருந்த பழைய தோழி அதைப் படித்துவிட்டு எழுதினார். அந்த மூன்று குழாய்களும் இருந்த அடுக்கு, ப்ரீசரைச் சுத்தம் செய்த அன்று வெளியே இருந்து உருகிவிட்டதாம். 'நான்தான் வந்து உன்னிடம் சொன்னேன், நினைவில்லையா?' ப்ரீசர் பதிவேட்டைப் பார்த்தோம். தேதி சரியாக இருந்தது.

மாணவி அதே பதிவின் இரண்டாவது பதிப்பை ஏற்றினார். காரணம், தேதி, சொன்னவருக்கு நன்றி. முதல் பதிப்பு அழியவில்லை. 'காரணம் பதிவாகவில்லை' என்ற வரியோடு அது இன்னும் அதன் கீழேயே இருக்கிறது, யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம்.