கால்வாய்க்கரைப் பழமும் ஒரு டெமிஜானும்

2024 ஆகஸ்ட் 24, சனி

நாட்டிங்ஹாமிலிருந்து பீஸ்டன் போகிற கால்வாய்க்கரைப் பாதையில் இந்த வாரம் பிளாக்பெர்ரி பழுத்துத் தொங்குகிறது, வீட்டிலேயே ஒயின் போடலாம் என்று பறிக்கப் போனோம். யாரும் நட்டதில்லை, தானாக முளைத்து வேலியெல்லாம் படர்ந்து கிடப்பது. ஒவ்வொரு கொத்திலும் நுனிப் பழம்தான் முதலில் பழுக்கும், பெரிதாக, நல்ல இனிப்பாக. அதே கொத்தில் உள்ளே இருப்பவை இன்னும் சிவப்பாகவே நிற்கும். தொட்டதும் கையோடு வருவதை மட்டும் எடுக்க வேண்டும், இழுத்தால்தான் வரும் என்றால் எவ்வளவு கறுத்திருந்தாலும் அது புளிப்புதான். முழங்காலுக்குக் கீழே இருப்பதைத் தொடாதீங்க என்றாள் மனைவி. நாய்களைக் கூட்டிக்கொண்டு நடக்கிற பாதை, காரணம் சொல்ல வேண்டியதில்லை.

இப்படிப் பறிப்பது திருட்டாகாதா என்று கேட்கிறவர்களுக்கு: இங்கே இங்கிலாந்தில் 1968-ஆம் ஆண்டின் திருட்டுச் சட்டமே இதற்கு இடம் கொடுக்கிறது. தானாக முளைத்து விளைகிற பழத்தை விற்பதற்காக இல்லாமல் சொந்த உபயோகத்துக்குப் பறித்தால் அது திருட்டில்லை. இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் மேலேயே தேறியது. கழுவி அப்படியே ஃப்ரீசருக்குள் தள்ளிவிட்டேன். உறையும்போது பழத்தின் செல் சுவர்கள் கிழிந்துபோகும், அதனால் உருகும்போது சாறு தானே இறங்கும், நசுக்குகிற வேலை பாதி மிச்சம்.

ஆகஸ்ட் 31, சனி

சாமான் சேர்த்தாயிற்று. மூடியோடு ஒரு பெரிய பிளாஸ்டிக் வாளி, உணவு வைக்கத் தகுந்த ரகம். பழத்தைப் போட ஒரு வலைத்துணிப் பை. உறிஞ்சி இறக்க ஒரு ரப்பர் குழாய். சாற்றில் சர்க்கரை எவ்வளவு என்று பார்க்க ஹைட்ரோமீட்டர். அப்புறம் டெமிஜான், அதாவது ஒரு கேலன், நாலரை லிட்டர் பிடிக்கிற குறுகிய கழுத்துக் கண்ணாடி ஜாடி, அதை மட்டும் வாங்கவில்லை, பக்கத்து வீட்டுப் பெரியவர் தன் கேரேஜிலிருந்து தூசி தட்டிக் கொடுத்தார். எழுபதுகளில் இங்கே தெருவுக்கு நாலு பேர் ஒயின் போடுவார்களாம், பூட்ஸ் மருந்துக்கடையிலேயே அதற்கான சாமான் எல்லாம் கிடைக்குமாம்.

இங்கிலாந்தில் சொந்தக் குடிக்கு வீட்டில் ஒயின் செய்ய லைசென்ஸ் வேண்டாம், விற்றால்தான் வரி, வம்பு எல்லாம். பீருக்கு மட்டும் 1963 வரைக்கும் லைசென்ஸ் கேட்டார்கள். லைசென்ஸ் இல்லாமல் காய்ச்சி வடிப்பது இங்கேயும் குற்றம். நம்மூரில் கதையே வேறு, 1937-ல் ராஜாஜி சேலத்தில் தொடங்கி வைத்த மதுவிலக்கின் சட்டம் இன்றும் உயிரோடு இருக்கிறது. டாஸ்மாக் வாசலில் வரிசையில் நிற்கலாம், வீட்டில் ஒரு ஜாடித் திராட்சையைப் புளிக்க வைக்கக் கூடாது. அதனால் ஊரில் இருக்கிறவர்கள் இதை வாசிப்பதோடு நிறுத்திக்கொள்ளவும்.

செப்டம்பர் 1, ஞாயிறு

இன்றைக்கு முதல் வேலை கழுவுவது. வாளி, கரண்டி, பை எல்லாவற்றையும் சோப்புப் போட்டுக் கழுவி, அப்புறம் ஸ்டார் சான் என்கிற கிருமிநாசினி கலந்த தண்ணீரில் முக்கி எடுத்தேன். ஒயின் வேலையில் முக்கால்வாசி பாத்திரம் கழுவுவதுதான் என்று பெரியவர் சொன்னார். மிகையில்லை.

உருகிய பழத்தைப் பையோடு வாளியில் போட்டுப் பிசைந்ததும் தண்ணீர் சேர்ப்பதற்கு முன்னாலேயே கை மணிக்கட்டு வரை கத்தரிப்பூ நிறமாகிவிட்டது, நகக்கண்ணில் ஏறியது இந்த வாரம் போகாது. மூன்று லிட்டருக்குச் சற்றுக் குறைவாகத் தண்ணீர். மேலே ஒரு கேம்ப்டன் மாத்திரையைப் பொடித்துப் போட்டேன். இது மெட்டாபைசல்ஃபைட், தண்ணீரில் பட்டதும் கந்தக டையாக்சைடு கிளம்பும், தீக்குச்சி உரசின நெடி மூக்கில் ஏறுகிறது. க்ளாஸ்டர்ஷயரில் சிப்பிங் கேம்ப்டன் என்று ஓர் ஊர், மாத்திரைக்கு அந்தப் பெயர்தான்.

இது எதற்கு என்று உடன்குடிப் பக்கத்து ஆளுக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. பனையில் கட்டுகிற கலயத்தில் சுண்ணாம்பு தடவினால் பதநீர், தடவாவிட்டால் அதே பாளையின் அதே சாறு விடிவதற்குள் கள். காற்றிலும் பாளையிலும் கலயத்திலும் இருக்கிற ஈஸ்ட்டுக்கு யாரும் அழைப்பு வைக்க வேண்டாம். பிளாக்பெர்ரித் தோலிலும் அப்படி ஒரு கூட்டம் உட்கார்ந்திருக்கிறது, அதில் நல்லதும் உண்டு, ஒயினை வினிகராக்குகிற பாக்டீரியாவும் உண்டு. மாத்திரை அந்தக் கூட்டத்தை அடக்கிவிடும், ஒரு நாள் விட்டால் நெடி போய்விடும், அதன்பிறகு நாம் தேர்ந்தெடுத்த ஈஸ்ட்டை விடலாம்.

செப்டம்பர் 2, திங்கள், இரவு

காலையில் பெக்டிக் என்சைம் போட்டேன். பழத்தில் இருக்கிற பெக்டின் என்கிற பசைப்பொருளை உடைக்கத்தான் அது, இல்லையென்றால் ஒயின் கடைசி வரை தெளியாமல் கலங்கலாகவே நிற்கும்.

சாயங்காலம் சர்க்கரை. பார்க்கிற செய்முறை எல்லாம் ஒன்றே கால் கிலோ, ஒன்றரை கிலோ என்று அளவு சொல்கிறது, ஆனால் என் பழத்தில் எவ்வளவு இனிப்பு இருக்கிறதென்று செய்முறை எழுதினவருக்கு எப்படித் தெரியும்? ஹைட்ரோமீட்டர் என்பது அடியில் கனம் வைத்த ஒரு கண்ணாடிக் குழல்தான், சாற்றில் மிதக்க விட வேண்டும், சர்க்கரை கூடக் கூட மேலே எழும்பும். வெறும் தண்ணீரில் 1.000. சர்க்கரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து அளந்துகொண்டே போனேன், கிட்டத்தட்ட ஒரு கிலோவில் 1.084 வந்தது, நிறுத்திவிட்டேன். லிட்டருக்கு 17 கிராம் சர்க்கரை ஏறக்குறைய ஒரு சதவீத ஆல்கஹாலாக மாறும் என்பது கணக்கு. பதினொன்று, பன்னிரண்டு சதவீதம் போதும் எனக்கு.

ஈஸ்ட் லால்வின் 71பி, 5 கிராம் பாக்கெட். பழத்திலிருக்கும் புளிப்பான மாலிக் அமிலத்தில் ஒரு பங்கை இது தின்றுவிடும் என்பதால் பழ ஒயின்காரர்களுக்குப் பிடித்த ரகம். வெதுவெதுப்பான தண்ணீரில் ஊற வைத்து, நுரை கட்டியதும் வாளியில் ஊற்றினேன். கூடவே கொஞ்சம் ஈஸ்ட் சத்துப் பொடி. பெர்ரிச் சாற்றில் தண்ணீரை வேறு ஊற்றியிருக்கிறோம், ஈஸ்ட்டுக்கு வேண்டிய நைட்ரஜன் அதில் போதாது.

செப்டம்பர் 4, புதன்

மூடியைத் திறந்தால் சோடா பாட்டில் சத்தம். பழப்பை மேலே எழும்பி ஊதாநிற நுரைக்கு நடுவில் குந்தியிருக்கிறது. காலையும் மாலையும் அதை அமுக்கி உள்ளே தள்ள வேண்டும். மிதக்கிற பழம் மேலே காய்ந்தால் பூஞ்சை பிடிக்கும், பழ ஈ வந்து உட்காரும், ஈயின் காலோடு வினிகர் பாக்டீரியாவும் வரும். மூடியைத் திறந்த அரை நிமிடத்தில் ஓர் ஈ ஆஜர், ஜன்னல் எல்லாம் சாத்தித்தான் இருந்தது, எங்கிருந்து வருமோ.

செப்டம்பர் 7, சனி

அம்மா போனில் பிடித்துக்கொண்டாள். “என்னய்யா, அங்க போயி சாராயம் காய்ச்சுதியாமே? கள்ளக்குறிச்சியில அத்தனை பேரு போய்ச் சேர்ந்தாவளே, டிவியில பாக்கலையா நீ?” மனைவி ஏற்கெனவே பற்ற வைத்துவிட்டாள் என்று புரிந்தது.

அந்தப் பயம் நியாயமானது. ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபது பேருக்கு மேல் செத்தார்கள். ஆனால் அவர்கள் செத்தது பழம் புளித்ததால் இல்லை, சாராயத்தில் மெத்தனால் கலந்ததால். எந்தப் பழம் புளித்தாலும் அதன் பெக்டினிலிருந்து துளி மெத்தனால் வரத்தான் செய்யும், கடையில் விற்கிற ஒயினிலும் அது இருக்கிறது, ஆளைக் கொல்கிற அளவுக்குப் பக்கத்தில்கூட அது வராது. நான் எதையும் அடுப்பில் வைக்கவும் இல்லை, வடிக்கவும் இல்லை. இதையெல்லாம் சொல்லி முடித்த பிறகு அம்மா கேட்டது, “சரி, சீனிக்குப் பதிலா கருப்பட்டி போட்டியா?” போடவில்லை அம்மா. கருப்பட்டி வாசத்துக்கு முன்னால் இந்தப் பெர்ரி வாயே திறக்காது.

செப்டம்பர் 8, ஞாயிறு

ஹைட்ரோமீட்டரில் 1.018. பையைத் தூக்கி வடியவிட்டேன், முறுக்கிப் பிழியவில்லை. பிழிந்தால் விதையின் கசப்பும் மண்டியும் சேர்ந்து இறங்கும். சாறு டெமிஜானுக்குப் போயிற்று, கழுத்தில் ரப்பர் அடைப்பு, அதில் ஏர்லாக். ஏர்லாக்கில் கொஞ்சம் தண்ணீர் நிற்கும், உள்ளேயிருந்து கார்பன் டையாக்சைடு குமிழியாக வெளியேறும், வெளிக்காற்று உள்ளே போக முடியாது. ஜாடியைச் சுற்றிக் கறுப்புத் துணி, வெயில் பட்டால் நிறம் வெளுக்கும்.

செப்டம்பர் 21, சனி

குமிழி நின்றுவிட்டது. ஆபீஸில் கோட்டயத்துச் சேட்டன் ஒருவர் இருக்கிறார், கிறிஸ்துமஸ் திராட்சை ஒயின் பார்த்து வளர்ந்தவர். பரணியில் திராட்சை, சீனி, ஒரு பிடி கோதுமை, கிராம்பு, பட்டை, இருபத்தொரு நாள், வடிகட்டு, குடி, அவ்வளவுதான் என்கிறார். “குமிழி நின்னாச்சுல்ல, பாட்டில்ல ஊத்துங்க.”

ஊற்றவில்லை, அளந்தேன். 1.010. இன்னும் சர்க்கரை இருக்கிறது. ராத்திரிக் குளிரில் ஈஸ்ட் சோம்பிப் படுத்திருக்கிறது, அவ்வளவுதான். இதை இந்த நிலையில் பாட்டிலில் அடைத்திருந்தால், வீட்டுக்குள் ஹீட்டர் போடுகிற நாளில் ஈஸ்ட் எழுந்து மிச்சத்தைத் தின்ன ஆரம்பித்து, வாயு போக வழியில்லாமல் கண்ணாடி வெடிக்கும். இருபத்தொரு நாள் கணக்கு கோட்டயத்துச் சூட்டுக்குச் சரியாக இருக்கலாம், நாட்டிங்ஹாம் செப்டம்பருக்கு அது பொருந்தாது. ஈஸ்ட் காலண்டர் பார்ப்பதில்லை. குமிழியையும் நம்பக் கூடாது, அடைப்பு லேசாகக் கசிந்தாலே குமிழி வராது. ஜாடியைச் சுடுதண்ணீர்த் தொட்டி இருக்கிற அலமாரிக்குள் நகர்த்தினேன்.

செப்டம்பர் 29, ஞாயிறு

மறுபடி குமிழி. இன்றைக்கு மைக்கேல்மஸ், அதாவது தேவதூதர் மிக்கேலின் திருநாள், இதற்கப்புறம் பிளாக்பெர்ரி பறிக்கக் கூடாது, சொர்க்கத்திலிருந்து தள்ளப்பட்ட சாத்தான் முட்செடி மேல் விழுந்து எரிச்சலில் பழத்தின் மேல் துப்பிவிட்டான் என்று கதை. பார்த்தால் இப்போது மிச்சமிருக்கிற பழம் எல்லாம் நீர்த்து, பூஞ்சை பிடித்துத்தான் கிடக்கிறது. துப்பினது யாராக இருந்தாலும் சரி.

அக்டோபர் 12, சனி

0.996, போன வாரமும் அதே. ஆல்கஹால் தண்ணீரைவிட லேசானது, அதனால்தான் ஒன்றுக்குக் கீழே இறங்குகிறது. 1.084-இலிருந்து 0.996-ஐக் கழித்து 131-ஆல் பெருக்கினால் பதினொன்றரை சதவீதம்.

இனி மண்டியிலிருந்து பிரிக்க வேண்டும். ஜாடியை மேசை மேலும் இன்னொரு ஜாடியைத் தரையிலும் வைத்து, குழாயின் ஒரு முனையை மண்டிக்கு ஒரு விரல்கடை மேலே நிறுத்தி, மறுமுனையைக் கீழ் ஜாடியின் அடி வரைக்கும் விட்டு, சலசலக்காமல் இறக்கினேன், சலசலத்தால் காற்று கலக்கும். அடியில் நின்ற மண்டி, செத்த ஈஸ்ட்டும் பழத்தூளும், களிம்புப் பதத்தில் மங்கின ஊதா நிறத்தில் இருந்தது, அதன் மேலேயே மாதக்கணக்கில் ஒயினை விட்டால் வாடை ஏறும். ஒரு கேம்ப்டன் மாத்திரை, மேலே காற்றிடம் இல்லாமல் நிரப்ப ஒரு கிளாஸ் கடைச் சிவப்பு ஒயின்.

ருசி? நாக்கு சுருண்டது. மணம் முழுக்கப் பழம், வாயில் வைத்தால் இனிப்பின் சுவடே இல்லை, ஈஸ்ட் ஒரு துளி பாக்கி வைக்கவில்லை. முதல்முறை செய்கிறவர்கள் இங்கேதான் கெட்டுவிட்டது என்று கொட்டிவிடுகிறார்கள். கெட்டிருந்தால் வினிகர் நெடியோ நகப்பூச்சு நெடியோ அடிக்கும். இதில் அது இல்லை.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளிக்கு வந்தவர்களில் பாதிப் பேர் பட்சணத்தை விட்டுவிட்டு அலமாரியைத்தான் எட்டிப் பார்த்தார்கள். தரவில்லை.

2025 ஜனவரி 18, சனி

டார்ச்சை ஜாடிக்குப் பின்னால் பிடித்தால் வெளிச்சம் செக்கச்செவேலென்று இந்தப் பக்கம் வருகிறது. மறுபடி ஒருமுறை மண்டி பிரித்தேன், இந்தத் தடவை அடியில் மெல்லிய படலம்தான். புளிப்பின் முரட்டுத்தனம் குறைந்திருக்கிறது.

மார்ச் 22, சனி

பாட்டில் நாள். முதலில் சண்டை. மூன்று கிளாஸில் சர்க்கரை இல்லாமல், கொஞ்சமாக, தாராளமாக என்று கலந்து வைத்தேன். எனக்கு முதலாவது, மனைவிக்கு மூன்றாவது. “ஏங்க, பழத்துல செஞ்சதுன்னு சொல்றீங்க, பழ ருசியே இல்லையே இதுல?” உண்மையில் அவள் சொன்னது சரி, கொஞ்சம் இனிப்பு சேர்ந்ததும்தான் பிளாக்பெர்ரி என்று நாக்குக்கே தெரிகிறது.

பாதியை அப்படியே அடைத்தோம். மீதியில் இனிப்பு சேர்ப்பதற்கு முன்னால் பொட்டாசியம் சோர்பேட்டும் கேம்ப்டனும் போட்டாக வேண்டும். சோர்பேட் ஈஸ்ட்டைக் கொல்லாது, பெருகவிடாமல் தடுக்கும். அதனால் புளித்து முடிந்து தெளிந்த ஒயினில்தான் அது வேலை செய்யும், புளித்துக்கொண்டிருக்கிற ஒயினை அது நிறுத்தாது. கேம்ப்டன் இல்லாமல் சோர்பேட் மட்டும் போட்டால் சில பாக்டீரியாக்கள் அதைத் தின்று ஜெரானியம் இலை வாடையைக் கிளப்பிவிடும், அந்த வாடையைப் பிறகு எடுக்க முடியாது. இனிப்பு சேர்த்ததைச் சில நாள் ஏர்லாக்கிலேயே வைத்து, எண் மாறுகிறதா என்று பார்த்துவிட்டு அப்புறம் அடைக்கப் போகிறேன்.

மார்ச் 30, ஞாயிறு

எண் மாறவில்லை, அடைத்தாயிற்று. ஒவ்வொரு பாட்டிலிலும் தேதியும் தொடக்க எண்ணும் முடிவு எண்ணும் எழுதி ஒட்டினேன். இரண்டு ரகத்திலும் பாட்டிலை நிரப்பாமல் கொஞ்சம் மிஞ்சியிருந்தது, ராத்திரி ஆட்டுக்கறிக் குழம்போடு இரண்டையும் எடுத்து வைத்தோம். பெரியவரையும் கூப்பிட்டிருந்தோம். மிளகுக் காரத்துக்கு முன்னால் என்னுடைய ரகம் கசந்தது, காரத்தையும் கூட்டிவிட்டது. இனிப்பு சேர்த்ததுதான் ஈடுகொடுத்தது. பெரியவர் இரண்டாவது கிளாஸையும் அதிலேதான் நிரப்பிக்கொண்டார், என்னுடையதை ஒரு வருஷம் தொடாதே என்றார். மனைவி ஒன்றும் சொல்லவில்லை, பாட்டிலை மட்டும் தன் பக்கம் நகர்த்தி வைத்துக்கொண்டாள்.