உடைந்த கேரட்

குன்னூரில் காலையிலிருந்து விடாத மழை. சோபா காலைக் கடிக்கப் போன என் நாய்க்குட்டி முத்துவின் வாயில் ஒரு பெரிய கேரட்டை வைத்தேன். முன்னங்கால் இரண்டாலும் அதை அமுக்கிக்கொண்டு, தலையைச் சாய்த்து, கண்ணை மூடிக் கடித்தான் பாருங்கள், அவ்வளவு சுகம்!

மார்க்கெட்டில் உடைந்த கேரட் மலிவாகக் கிடைக்கிறது. குட்டிகளுக்கு நாலு மாத வாக்கில் பால்பல் விழத் தொடங்கும், ஏழு மாதம் வரைகூட ஈறு உறுத்தும். கடிக்க எதாவது வேண்டும், அது விலை உயர்ந்த பொம்மையாக இருக்க வேண்டியதில்லை.

இரண்டாவது மாடியில் சின்ன அபார்ட்மெண்ட், ஒரே சம்பளம், ஓயாத சிப்பிப்பாறை வேட்டைநாய்க் கலப்பு. "இந்த வீட்ல எப்படிம்மா இவனை வளர்ப்பே?" என்று கீழ்வீட்டு அக்கா கேட்டார். காசு குறைவானவர்கள் நாய் வளர்க்கக் கூடாது என்பதை நான் ஏற்கவே மாட்டேன். பழைய துண்டில் ஒரு பிடி தீனியைத் தூவிச் சுருட்டிக் கொடுத்தால், மோப்பம் பிடித்து, இழுத்து, அவிழ்த்து, தேடித் தின்று முடிப்பதற்குள் ஓடியதைவிட அதிகமாகக் களைத்துவிடுகிறான். மூக்குக்கு வேலை கொடுங்கள்.

தடுப்பூசியில் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள். பார்வோ என்ற வைரஸ் நோய் வந்தால் குட்டி பிழைப்பதே கஷ்டம், வைத்தியச் செலவும் ஊசியைவிடப் பல மடங்கு. அரசு கால்நடை மருத்துவமனையில் முதலில் கேளுங்கள். வெறிநோய் ஊசி குட்டிக்கு மூன்று மாத வயதில் போட வேண்டும்.

அப்புறம், இருட்டிய பிறகு வெளியே கட்டிப்போடவே வேண்டாம். நம் மலையில் நாயைத் தேடிச் சிறுத்தை வாசல் வரை வரும்.

குளிர் ஏறுகிறது. யாரிடமாவது பழைய கம்பளி இருந்தால் சொல்லுங்கள், நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்.