சித்தப்பாவின் தேன் கடிதம் சிதறாமல் போய்ச் சேர்ந்த கதை

மார்த்தாண்டம் பக்கத்தில் சித்தப்பாவுக்கு எண்பது தேன்பெட்டிகள் உண்டு. மாசி, பங்குனியில் ரப்பர் துளிர்க்கும்போதுதான் பெரிய எடுப்பு. ரப்பர் தேன் பூவிலிருந்து வருவதில்லை, துளிர் இலையின் காம்பில் ஊறும் இனிப்பைத்தான் தேனீ எடுக்கிறது. இதை வாங்குகிறவர்களுக்குச் சொல்ல வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாள் ஆசை. வெளியூர், வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் 340 பேருக்கும் படம், விலை, ஆர்டர் பொத்தானோடு அழகான மின்னஞ்சல் ஒன்று அனுப்பலாம் என்று ஆரம்பித்தேன்.

முதல் தடவை எல்லாவற்றையும் போஸ்டர் மாதிரி ஒரே படமாக்கி அனுப்பினேன். மஸ்கட்டில் வேலை பார்க்கும் ஊர்க்கார அண்ணன் ஒருவர், “வெறும் வெள்ளைக் கட்டம்தான் இருக்கு” என்று எழுதினார். அவர் ஆபீஸில் கடிதம் பார்க்கும் அவுட்லுக் மென்பொருள், அனுமதி கொடுக்காமல் படத்தைக் காட்டாது. சித்தப்பா கேட்டது ஒரே கேள்விதான்: “விலையைப் படத்துக்குள்ள பூட்டி வச்சா யாரு மக்களே பார்ப்பா?”

சரி என்று எழுத்தை எழுத்தாகவே வைத்து, இணையப் பக்கம் செய்வதுபோல டிவ் (பக்கத்தைப் பகுதிகளாகப் பிரிக்கும் குறி), சிஎஸ்எஸ் (நிறம், அளவு சொல்லும் ஸ்டைல் மொழி) போட்டுச் செய்தேன். போனில் ஜிமெயிலில் பார்த்தபோது கண்ணைப் பறித்தது. நாகர்கோவிலில் நண்பனின் ஆபீஸ் கம்ப்யூட்டரில் அவுட்லுக்கைத் திறந்தால், தேன் பாட்டில் படம் திரையை அடைத்து நிற்கிறது! விலைப்பட்டியல் எங்கோ கீழே. விண்டோஸில் 2007 முதல் வந்த கிளாசிக் அவுட்லுக்குகள் (புதிய அவுட்லுக் அப்படியில்லை) கடிதத்தை வேர்டின் இன்ஜினை வைத்துத்தான் வரைகின்றன. அதற்கு ஸ்டைலில் எழுதிய பட அகலம் கணக்கில்லை. படத்தைச் சேர்க்கும் குறியான டேக்கிலேயே அகலத்தை எழுத வேண்டும். போனில் எடுத்த படத்தை அப்படியே போட்டிருந்ததால் அது முழு அளவில் விரிந்துவிட்டது. டேக்குக்குள் அகலம் 260 பிக்சல் என்று எழுதியதும் பாட்டில் தன் இடத்துக்கு வந்தது.

அதன்பிறகு பழைய பாணிக்கே போனேன். 600 பிக்சல் அகலத்தில் ஒரு டேபிள், அதற்குள் வரிசைகள், ஸ்டைல் எல்லாம் அந்தந்த டேக்குக்குள்ளேயே. பொத்தானும் படமில்லை, பின்னணி நிறம் கொடுத்த டேபிள் கட்டத்துக்குள் ஒரு லிங்க். படங்களுக்கு மாற்று எழுத்து, அதாவது படம் வராதபோது அந்த இடத்தில் தெரியும் விளக்கம். வரி உயரம் 1.6, ஏனென்றால் நெருக்கினால் ‘கி’, ‘வி’ போன்றவற்றின் மேல்சுழி மேல் வரியோடு உரசுகிறது. தமிழில் அனுப்புகிறவர்கள் இதை அவசியம் கவனிக்க வேண்டும்.

தமிழுக்கு இன்னொன்றும் உண்டு. ஒரு கடிதம் 102 கேபியைத் தாண்டினால் ஜிமெயில் மீதியை வெட்டி ஒளித்துவிடும். ‘தேன்’ என்ற இரண்டெழுத்துச் சொல்லே, எழுத்துகளைக் கம்ப்யூட்டரில் பதியும் முறையான யூடிஎஃப்-8இல் 12 பைட். அதோடு சித்தப்பாவின் விளக்கத்தை வேர்டிலிருந்து காப்பி பண்ணி ஒட்டியிருந்தேன், அது கண்ணுக்குத் தெரியாத வேர்டின் வடிவமைப்புக் குறிகளை மூட்டை மூட்டையாக இழுத்துக்கொண்டு வந்தது. வெட்டுப்பட்டுப் போனது கடைசியில் இருந்த ஆர்டர் பொத்தான். நோட்பேடில் ஒட்டிச் சுத்தம் செய்து, பொத்தானை மேலே ஏற்றினேன்.

அனுப்புவது தனிப் போராட்டம். அனுப்பும் சேவை ஒன்றில் சேர்ந்து, சித்தப்பாவின் ஜிமெயில் முகவரியையே அனுப்புநராகப் போட்டேன். பாதிப் பேருக்கு ஸ்பாமில் விழுந்தது. ஜிமெயில் பெயரில் வேறு சர்வரிலிருந்து வரும் கடிதத்தை ஜிமெயில் சந்தேகப்படத்தானே செய்யும்? சொந்த டொமைன் (இணைய முகவரிப் பெயர்) வாங்கி, எஸ்பிஎஃப் (எந்த சர்வர் நம் பெயரில் அனுப்பலாம் என்ற பட்டியல்), டிகேஐஎம் (கடிதத்தில் போடும் டிஜிட்டல் முத்திரை), டிமார்க் (இவை தேறாத கடிதத்தை என்ன செய்ய வேண்டும் என்ற அறிவிப்பு) பதிவுகளைப் போட்டபிறகுதான் இன்பாக்ஸுக்குப் போனது. 2024 பிப்ரவரி முதல் ஜிமெயில், யார் அனுப்பினாலும் எஸ்பிஎஃப் அல்லது டிகேஐஎம் இருக்க வேண்டும் என்கிறது. ஒரு நாளில் ஜிமெயில் முகவரிகளுக்கு 5,000 கடிதங்களுக்கு மேல் அனுப்புகிறவர்களுக்கு மூன்றும் வேண்டும், ஒரே கிளிக்கில் விலகும் வசதியும் வேண்டும். நாங்கள் அனுப்புவது 340 பேருக்குத்தான். இருந்தாலும் எல்லாவற்றையும் வைத்தோம். கூடவே வெறும் எழுத்துப் பிரதி ஒன்றும் போகிறது.

இந்தப் பங்குனியில் அனுப்பிய அன்று மாலையே மஸ்கட் அண்ணனிடமிருந்து பதில்: “படம் இப்பவும் வரல. ஆனா விலை தெரிஞ்சுது, ரப்பர் இலை சமாச்சாரமும் படிச்சேன். ரெண்டு பாட்டில் ஊர்ல அம்மாகிட்ட குடுத்துருங்க.”