அறுவடை நேரத்து நெஞ்சுவலி

அமெரிக்காவுக்கு ஜே-1 விசாவில் மருத்துவ மேற்பயிற்சிக்கு வருகிறவர்கள், பயிற்சி முடிந்ததும் இரண்டு ஆண்டுகள் சொந்த நாட்டில் இருந்தாக வேண்டும் என்பது விதி. மருத்துவர் பற்றாக்குறை உள்ள பகுதியில் மூன்று ஆண்டுகள் வேலை பார்க்க ஒப்புக்கொண்டால் விலக்கு உண்டு. வடக்கு டகோட்டா செனட்டர் கென்ட் கான்ராட் கொண்டுவந்து 1994-இல் தொடங்கிய ஏற்பாடு இது. இப்போது ஒரு மாநிலம் ஆண்டுக்கு 30 மருத்துவர்களுக்கு இந்த விலக்கைக் கேட்டு வாங்கலாம். மேற்குக் கான்சாஸில், ஆயிரம் பேர்கூட இல்லாத இந்த ஊருக்கு நான் வந்தது அப்படித்தான். ஒப்பந்தக் காலம் எப்போதோ முடிந்துவிட்டது. இன்னும் இங்கேதான் இருக்கிறேன்.

ஊர் என்று பார்த்தால் ஒரு கடைவீதி, அஞ்சலகம், பள்ளிக்கூடம், தேவாலயங்கள், ரயில் பாதையோரம் வானுயர நிற்கும் தானியக் கிடங்கு, அப்புறம் எங்கள் மருத்துவமனை. கிரிட்டிக்கல் ஆக்சஸ் மருத்துவமனை என்று பெயர். 1997-இல் வந்த சட்டத்தின்படி 25 படுக்கைகளுக்கு மேல் இருக்கக்கூடாது, அவசர சிகிச்சை இரவும் பகலும் இருக்க வேண்டும். பதிலுக்கு, முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேர், நோய்க்கு இவ்வளவு என்று கட்டணம் நிர்ணயிக்காமல், ஆன செலவைக் கணக்கிட்டுத் தருகிறது. அந்தப் பணம் இல்லையென்றால் எங்கள் கதவு என்றைக்கோ சாத்தப்பட்டிருக்கும்.

இங்கே ஒரு வேலை மட்டும் பார்ப்பவரைக் காண்பது அரிது. தானியக் கிடங்கில் லாரிகளை எடைபோடுகிறவர்தான் ஆம்புலன்ஸ் ஓட்டுகிறார். கூட வருகிற முதலுதவியாளர் பள்ளி ஆசிரியை. இருவரும் தொண்டர்கள். பேஜர் அலறினால் கையில் இருக்கிற வேலையைப் போட்டுவிட்டு ஓடி வருவார்கள்.

செப்டம்பரில் விதைத்த கோதுமை ஜூன் கடைசியில் முற்றி நிற்கும். ஒரு ஆலங்கட்டி மழை போதும், ஓர் ஆண்டு உழைப்பு அரை மணி நேரத்தில் மண்ணாகிவிடும். அந்த வாரங்களில் விவசாயிகள் மருத்துவமனைப் பக்கம் தலைகாட்ட மாட்டார்கள். அப்படி ஓர் இரவு, பனி இறங்கிக் கதிர் ஈரமானதால் அறுவடை இயந்திரத்தை நிறுத்திவிட்டு ஒருவர் தானே வண்டியோட்டி வந்தார். மதியத்திலிருந்து நெஞ்சு அழுத்துகிறதாம். சட்டைக் காலரெல்லாம் உமி. ஈசிஜி எடுக்க ஒட்டிய பட்டைகள் வியர்வையிலும் தூசியிலும் நிற்காமல் ஒவ்வொன்றாக உரிந்து விழுந்தன. செவிலியர் மார்பைத் துடைத்து, முடியை மழித்து, மறுபடி ஒட்டினார். மாரடைப்புதான். 120 நிமிடங்களுக்குள் ரத்தக்குழாய் அடைப்பை நீக்கும் இடத்துக்குக் கொண்டுசேர்க்க முடியாது என்றால், உறைவைக் கரைக்கும் மருந்தை உடனே செலுத்திவிட வேண்டும். செலுத்தினோம். வலி குறைந்ததும் அவர் முதலில் கேட்டது, “டாக்டர், மேற்கே மேகம் இருக்கிறதா?”

அவரைப் பெரிய மருத்துவமனைக்கு ஆம்புலன்ஸில் கொண்டுபோனவருக்கும் வயலில் கோதுமை நின்றுகொண்டிருந்தது. மறுநாள் ஈரம் உலர்ந்ததும் அக்கம்பக்கத்து விவசாயிகள் தங்கள் பயிரை அப்படியே விட்டுவிட்டு, இயந்திரங்களை நோயாளியின் வயலில் இறக்கினார்கள். இதை நல்ல மனம் என்று மட்டும் சொல்லிவிட முடியாது. அடுத்த ஜூனில் படுக்கப்போவது யார் என்று யாருக்கும் தெரியாது. கைமாற்று போலத்தான் இந்த உதவி ஊருக்குள் சுற்றி வருகிறது. அதனால் அதன் மதிப்பு எனக்குக் குறைந்துவிடவில்லை, கூடியிருக்கிறது.

இதற்கு ஒரு விலையும் உண்டு. யாருடைய பிக்கப் வண்டி எது என்பது ஊரில் அனைவருக்கும் தெரியும். அது மருத்துவமனை வாசலில் நின்றால் மாலைக்குள் விசாரணை தொடங்கிவிடும். மனச்சோர்வுக்கு மருந்து வேண்டியவர் அந்தக் கண்களுக்கு அஞ்சியே வராமல் இருந்துவிடுவார், அல்லது அறுபது மைல் தள்ளிப் போவார். தனியாக இருக்கும் விவசாயி, வீட்டில் துப்பாக்கி, விலை வீழ்ச்சி, கடன் எல்லாம் சேரும்போது இந்தக் கூச்சம் உயிரைக் கேட்கும். சர்க்கரை நோய்ப் பரிசோதனைக்கு வருகிறவர்களிடமும் நான் தூக்கத்தைப் பற்றி விசாரிக்காமல் அனுப்புவதில்லை. அந்தக் கேள்வியில்தான் பலர் வாய் திறக்கிறார்கள்.

அரிசி பருப்புக்கு நெடுந்தூரம் போக வேண்டும். அது பழகிவிடும். வோல்கா ஜெர்மானியர்கள் கொண்டுவந்த பீரக் என்ற ரொட்டிக்குள் மாட்டிறைச்சியும் முட்டைக்கோஸும் வைப்பது இங்கே வழக்கம். தேவாலய விருந்துகளில் முட்டைக்கோஸும் வெங்காயமும் மட்டும் வைத்த ஒரு தட்டு எனக்காகத் தனியே இருக்கும்.

இரண்டாவது மருத்துவரின் இடம் இப்போது காலியாக இருக்கிறது. தமிழ்நாட்டிலிருந்து வந்து பயிற்சி முடிக்கும் இளையவர்கள் தொலைபேசியில் விசாரிக்கும்போது, ஊரைப் பார்க்க ஜனவரியில் வாருங்கள் என்கிறேன். பனிப்புயலில் ஐ-70 நெடுஞ்சாலையின் தடுப்புகள் மூடிக்கொள்ளும், ஏர் ஆம்புலன்ஸும் பறக்காது. மேல்சிகிச்சைக்கு அனுப்ப வேண்டிய நோயாளியை விடிய விடிய நீங்களே பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கும். அதைப் பார்த்த பிறகும் வர விரும்பினால், குடியிருக்க வீடு பார்த்துத் தரும் பொறுப்பை மருத்துவமனை நிர்வாகக் குழு ஏற்றுக்கொள்ளும்.