கோச் ஊழியத்துக்கு வரும்போது

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் கோச்சாக இருந்தவர்கள் பிற்பாடு விளையாட்டு ஊழியத்தின், அதாவது வீரர்கள் நடுவே நடக்கும் கிறிஸ்தவப் பணியின், தலைமைக்கு வருவது புதிதல்ல. கிறிஸ்தவ விளையாட்டு வீரர்கள் ஐக்கியம், சுருக்கமாக எஃப்சிஏ, 1954-ல் ஓக்லஹோமாவில் டான் மெக்லானன் என்ற கூடைப்பந்து கோச் தொடங்கியது. பின்னாளில் அதன் தலைவரான டால் ஷீலி, 1980 முதல் 1988 வரை ரிச்மண்ட் பல்கலைக்கழகத்தின் ஹெட் கோச். அவருக்குப் பிறகு 2005-ல் வந்த லெஸ் ஸ்டெக்கல் கல்லூரி அணிகளிலும் தொழில்முறை அணிகளிலும் உதவி கோச்சாக இருந்தவர். 1984-ல் மினசோட்டா வைக்கிங்ஸ் என்ற தொழில்முறை அணிக்கு ஹெட் கோச். அந்த ஒரு சீசனில் 3 வெற்றி, 13 தோல்வி. ஊழியத் தலைமைக்கு வெற்றிக் கணக்கு தேவையில்லை என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

தேவைப்படுவது வேறு. படித்துக்கொண்டே உதவும் கிராஜுவேட் அசிஸ்டென்டாகச் சேர்ந்து, ஒரு வகை ஆட்டக்காரர்களை மட்டும் பழக்கும் பொசிஷன் கோச், ஒரு பிரிவு முழுவதையும் பார்க்கும் கோஆர்டினேட்டர், ஹெட் கோச் என்று ஏறுபவர் வழியிலேயே மூன்று வேலைகளைப் பழகிவிடுகிறார்: பெற்றோர் வீட்டுக்குப் போய் உட்கார்ந்து பேசி ஒரு பையனை அணிக்குக் கொண்டுவருவது, நிமிடக் கணக்கில் ஒரு வாரத்தைத் திட்டமிடுவது, தன்னைவிடத் திறமையான உதவியாளர்களை வைத்து வேலை வாங்குவது. ஊழியத்தில் மூன்றும் அப்படியே பயன்படும். கூடவே வரும் நாலாவது பழக்கம்தான் வில்லங்கம்: சொன்னால் நடக்க வேண்டும் என்பது. யார் களத்தில் இறங்குவது, யார் பெஞ்சில் இருப்பது என்று தீர்மானிக்கிறவர் ‘விருப்பமிருந்தால் ஜெபத்துக்கு வா’ என்று சொன்னாலும் இரண்டாம் வரிசை வீரனுக்கு அது உத்தரவாகத்தான் கேட்கும்.

மேட்ச்சுக்கு முந்தைய இரவு ஹோட்டலில் நடக்கும் சாப்பலை, அதாவது அணிக்கான சிறு ஜெபக் கூட்டத்தை, எடுத்துக்கொள்ளுங்கள். அணியின் பயண அட்டவணையில் இரவு உணவு, சாப்பல், பொசிஷன் மீட்டிங் என்று ஒரே வரிசையில் அச்சடித்துவிடுவார்கள். நடுவில் எழுந்து போகும் வீரனை எல்லாரும் பார்ப்பார்கள், அதனால் யாரும் எழுந்து போகமாட்டார்கள். அறை நிறைந்திருப்பதைப் பார்த்து ஆன்மிக எழுப்புதல் வந்துவிட்டதாக அணியின் போதகரான சாப்ளின் மகிழ்வார். இதைச் சரிசெய்வது எளிது. சாப்பலைக் கட்டாய மீட்டிங்குகள் எல்லாம் முடிந்த பிறகு, வீரர்கள் படுக்கப் போய்விட்டார்களா என்று பார்க்கும் பெட் செக்குக்கு முன்னால், வேறொரு தளத்தில் உள்ள அறைக்கு மாற்ற வேண்டும். அதே நேரத்தில் ஸ்நாக்ஸ் வேறு அறையில் இருக்கட்டும். பசித்தவன் பசிக்காகப் போனான் என்று இருந்துவிடும். கோச் வாசலில் நிற்கக் கூடாது, வருகைப் பதிவு எடுக்கக் கூடாது. மொத்தம் 20 நிமிடம்: ஒரு வேதபகுதி, ஒரு கருத்து, ஒரு ஜெபம். ‘நாளைக்கு ஜெயிப்போம்’ என்று ஆண்டவர் பெயரில் வாக்குக் கொடுக்கும் பேச்சாளரை மறுபடி கூப்பிட வேண்டாம்.

வாராந்தர ஹடில், அதாவது வளாகத்தில் நடக்கும் சிறு ஐக்கியக் கூட்டத்துக்கும் இதே எச்சரிக்கை. சீசனில் கட்டாயப் பயிற்சிக்கு, கல்லூரி விளையாட்டை நிர்வகிக்கும் அமைப்பான என்சிஏஏ வைத்திருக்கும் வரம்பு வாரத்துக்கு 20 மணி, நாளுக்கு 4 மணி, வாரத்தில் ஒரு நாள் ஓய்வு. அந்த ஓய்வு நாளில் அணிக் கட்டடத்துக்குள் ஹடில் வைத்தால், வீரனுக்கு அது இன்னொரு பயிற்சி. மாணவர் மையத்தில் இரவு உணவுக்குப் பின் வையுங்கள். நடத்துவது மாணவர்களாக இருக்கட்டும், அதுவும் ஸ்டார் குவார்ட்டர்பேக் மட்டுமே வேண்டாம். அவனுக்குக் காயம்பட்டாலோ, வேறு கல்லூரிக்கு மாற டிரான்ஸ்ஃபர் போர்ட்டலில் பெயர் கொடுத்துவிட்டாலோ கூட்டம் கலைந்துவிடும். ஃபுட்பாலின் ஆஃபென்சிவ் லைன், பெண்கள் சாக்கர், ஓட்டப் பந்தய டிராக் என்று இரண்டு மூன்று இடங்களிலிருந்து ஆள் எடுப்பது நல்லது.

சட்டம் பற்றிச் சுருக்கமாக. அரசுப் பல்கலைக்கழக கோச் அரசு ஊழியர், ஆகவே அரசு மதத்தைத் திணிக்கக் கூடாது என்னும் அரசியலமைப்பின் முதல் திருத்தம் அவரைக் கட்டுப்படுத்தும். பேய்லர் போன்ற தனியார் பல்கலைக்கழகத்தில் அந்தக் கட்டு இல்லை. 2000-ல் சாண்டா ஃபே வழக்கில், அரசுப் பள்ளி மேட்ச்சுக்கு முன் ஒலிபெருக்கியில் மாணவர் நடத்தும் ஜெபம் செல்லாது என்றது உச்ச நீதிமன்றம். 2022-ல் கென்னடி வழக்கில், மேட்ச் முடிந்து கோச் தனக்காக மைதானத்தில் செய்யும் ஜெபத்துக்குப் பாதுகாப்பு உண்டு என்றது. பலர் இரண்டாவதை மட்டும் படித்துவிட்டு வீரர்களைச் சுற்றி நிறுத்தி ஜெபம் நடத்தலாம் என்று நினைக்கிறார்கள். அந்தத் தீர்ப்பு அதற்கு அனுமதி தரவில்லை.

பணத்துக்கு வருவோம், பல கோச்சுகள் தடுமாறுவது இங்கேதான். எஃப்சிஏ போன்ற அமைப்புகளில் களப்பணியாளர் தன் சம்பளத்துக்கான நிதியைப் பெரும்பாலும் தானே திரட்ட வேண்டும். மாதம் 6,000 டாலர் தேவை, ஒருவர் சராசரியாக 100 டாலர் தருகிறார் என்று வைத்துக்கொண்டால், 60 தாங்குநர்கள் வேண்டும். கேட்டவர்கள் எல்லாரும் தரமாட்டார்கள், ஆகவே அதைப் போல மூன்று நாலு மடங்கு பேரை நேரில் பார்க்க வேண்டும். கோச்சுக்கு ஆள் பிடிக்கும் பழக்கம் இருப்பதால் சந்திப்புகள் கிடைத்துவிடும். ஆனால் கடைசியில் தொகையைச் சொல்லிக் கேட்கக் கூச்சப்பட்டு, ‘ஜெபித்துக்கொள்ளுங்கள்’ என்று எழுந்துவிடுவார். எதிரில் இருப்பவரும் ஜெபிப்பதோடு நிறுத்திக்கொள்வார்.

இன்னொரு கண்ணி, ஒரே பெரிய தாங்குநர். பட்ஜெட்டில் மூன்றில் ஒரு பங்கை ஒரே ஆளோ ஒரே சபையோ தந்தால், அவர்கள் நிறுத்தும் மாதத்தில் ஊழியமும் நின்றுவிடும். அவர் அணிக்கு ஆதரவளிக்கும் பூஸ்டராகவும் இருந்தால் சிக்கல் இரட்டிப்பு. மாணவ வீரரின் முகாம் செலவை அவர் ஏற்றுக்கொள்வது என்சிஏஏ விதிப்படி தடைசெய்யப்பட்ட சலுகையாகிவிடலாம். விளைவு வீரன் விளையாடும் தகுதியைத்தான் பாதிக்கும், தாங்குநரை அல்ல. செக் வாங்குவதற்கு முன்பே விதிகளைக் கண்காணிக்கும் பல்கலைக்கழகத்தின் கம்ப்ளையன்ஸ் அலுவலகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பி, பதிலை எழுத்தில் வாங்கி வைக்க வேண்டும்.

தலைமைக்கு வந்த கோச் வழக்கமாக மறப்பது, கோச்சுகளுக்கும் ஊழியம் தேவை என்பதை. ஹெட் கோச்சை நீக்கினால் அவரோடு உதவி கோச்சுகள் பலருக்கும் வேலை போகும். பெரும்பாலும் நவம்பர் கடைசியிலும் டிசம்பரிலும் நடக்கும் விஷயம் இது. புதிய வீரர்கள் கல்லூரிகளோடு ஒப்பந்தம் போடும் கையெழுத்துச் சீசனும் அப்போதுதான். ஜனவரியில் அமெரிக்க ஃபுட்பால் கோச்சுகள் சங்கத்தின் மாநாட்டு ஹோட்டல் லாபியில் ரெஸ்யூமேயோடு நிற்கிறவர்களில் பலர் போன மாதம் வரை வேலையில் இருந்தவர்கள். அந்த ஆறு வாரங்களுக்குப் பெரிய கூட்டம் எதுவும் திட்டமிடாமல் நாள்காட்டியைக் காலியாக வைத்திருக்கும் ஊழியரால்தான் அவர்களைப் பார்க்க முடியும். முதலில் போன் செய்ய வேண்டியது ஹெட் கோச்சுக்கு அல்ல. அவரைத் தேடி ஏற்கெனவே நிறையப் பேர் போயிருப்பார்கள். பிள்ளைகளின் பள்ளியை வருட நடுவில் மாற்ற வேண்டியிருக்கும் பொசிஷன் கோச்சுக்கு யாரும் போன் செய்திருக்கமாட்டார்கள்.