வடகடலில் ஒரு குளிர்காலம்: சர்ஃபிங்கில் உடம்புச் சூட்டைக் காக்கச் செய்து பார்த்தவை

இங்கிலாந்தின் வடகிழக்கில் உள்ள டைன்மவுத் லாங் சாண்ட்ஸ் கடற்கரையில் சர்ஃபிங்குக்கு நல்ல மாதங்கள் எவை என்று கேட்டால், அக்டோபரிலிருந்து மார்ச் வரை என்றுதான் அங்கே வழக்கமாக இறங்குகிறவர்கள் சொல்வார்கள். கோடையில் வடகடல் பெரும்பாலும் குளம் போலக் கிடக்கும். நார்வேக்கும் ஐஸ்லாந்துக்கும் நடுவே குளிர்காலப் புயல் கிளம்பி, வாடைக்காற்று விடாமல் அடித்தால்தான் நியூகாசில் பக்கத்துக் கரைக்கு ஒழுங்கான அலை வந்து சேரும். ஆக, அலை வேண்டுமென்றால் குளிரையும் சேர்த்தே எடுத்துக்கொள்ள வேண்டும். கடல் நன்றாகச் சூடேறியிருக்கும் ஆகஸ்டிலேயே இங்கே தண்ணீர் 14 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். பிப்ரவரி, மார்ச்சில் 6 டிகிரி வரை இறங்கிவிடும்.

நான் கற்றுக்கொண்டது சென்னைக்குப் பக்கத்துக் கோவளத்தில், 28 டிகிரித் தண்ணீரில், அரைக்கால் சட்டையோடு. இந்த முறை குளிர்காலம் முழுவதையும் விடாமல் இறங்கிப் பார்ப்பது என்று முடிவு செய்து, ஒவ்வொரு மாதமும் ஒரு விஷயத்தை மட்டும் மாற்றிப் பார்த்தேன். இப்போது உறுதியாகச் சொல்வேன்: நல்ல சூட் (வெட்சூட் என்ற ரப்பர் உடை) வாங்கினால் பாதி வேலைதான் முடிகிறது. மீதிப் பாதி கரையில் நடக்கிறது, இறங்குவதற்கு முன்னாலும் ஏறிய பின்னாலும்.

அக்டோபர்: சூட்

வெட்சூட் கொஞ்சம் தண்ணீரை உள்ளே விட்டு, அதைச் சூடாக்கி வைத்துக்கொண்டு நம்மைக் காக்கிறது என்று பலரும் நம்புகிறார்கள். உண்மையில் காப்பது நியோப்ரீன் ரப்பருக்குள் அடைபட்டிருக்கும் நுண்ணிய வாயுக் குமிழிகள். பெர்க்லியில் இருந்த இயற்பியலாளர் ஹியூ பிராட்னர் 1950களின் தொடக்கத்தில் வெட்சூட்டை உருவாக்கியபோது அவர் பிடித்த நுட்பமும் இதுதான். உடம்பு நனையாமல் இருக்க வேண்டும் என்ற கட்டாயமே இல்லை. உடம்புக்கும் கடலுக்கும் நடுவே வாயு அடைத்த ஒரு படலம் இருந்தால் போதும். உள்ளே நுழைகிற தண்ணீரைச் சூடாக்குவது நம் உடம்பு. அந்தத் தண்ணீர் வெளியே போய்ப் புதுத் தண்ணீர் வந்தால், செலவழித்த சூடு அதோடு போய்விடும். தண்ணீர் காற்றைவிடச் சுமார் 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும் என்பதால் இந்தச் செலவு சிறியது அல்ல.

இதைப் புரிந்துகொண்ட பிறகு நண்பரின் 6/5/4 சூட்டையும் என்னுடைய 5/4 சூட்டையும் மாறி மாறிப் போட்டுப் பார்த்தேன். இந்த எண்கள் மில்லிமீட்டரில் தடிமனைச் சொல்பவை. முதல் எண் மார்பும் முதுகும், அடுத்தவை கால் கை. நண்பரின் சூட் தடிமன் அதிகம், ஆனால் எனக்கு இடுப்புக்கு மேலே முதுகில் தொளதொளவென்று இருந்தது. ஒவ்வொரு டக் டைவுக்கும் (வரும் அலைக்கு அடியில் போர்டோடு முங்கி மறுபக்கம் வருவது) கழுத்து வழியாக ஐஸ் தண்ணீர் முதுகுத்தண்டில் ஓடியது. என்னுடைய மெல்லிய சூட் தோலோடு ஒட்டியிருந்ததால் டிசம்பர் நடுவரை அதுவே அதிகக் கதகதப்பு. ஜனவரிக்கு என் அளவிலேயே 6/5/4 ஒன்று வாங்கினேன். வாங்கும்போது நான்கு இடங்களைப் பாருங்கள்: கழுத்து, அக்குள், இடுப்புக்குப் பின்புறம், தொடையிடுக்கு. அங்கே துணியைக் கிள்ளி இழுக்க முடிந்தால் ஒரு அளவு குறையுங்கள். தையலையும் திருப்பிப் பார்க்க வேண்டும். ஊசி மறுபக்கம் வராமல், முதலில் ஒட்டிப் பிறகு தைத்த சூட்தான் குளிருக்கு ஆகும். இருபக்கமும் தட்டையாகத் தையல் ஓடும் கோடைச் சூட்டில் ஊசித்துளை ஒவ்வொன்றும் ஒரு வாசல்.

நவம்பர்: முதல் இரண்டு நிமிடம்

குளிர்ந்த தண்ணீர் தோலில் பட்டதும் நம்மை அறியாமல் மூச்சு இழுபடும், நெஞ்சு படபடக்கும். இந்த அதிர்ச்சிதான் உடம்பு விறைப்பதற்கு வெகு முன்பே ஆளை மூழ்கடிக்கக்கூடியது. ஒன்றரை நிமிடம் போல இருந்துவிட்டு அடங்கும். ஆகவே நான் இடுப்பளவு ஆழத்தில் நின்று, முகத்திலும் கழுத்திலும் தண்ணீரை அள்ளி விட்டு, மூச்சு சீராகும்வரை அலையைப் பார்த்துக்கொண்டு நிற்பதை வழக்கமாக்கினேன். போர்ட்ஸ்மவுத் பல்கலைக்கழகத்தின் மைக் டிப்டன் இந்த அதிர்ச்சியைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்திருக்கிறார். குளிர்ந்த நீரில் சில நிமிடங்கள் வீதம் ஐந்தாறு முறை இறங்கினாலே அது பாதியாகக் குறைகிறது, அந்தப் பழக்கம் மாதக்கணக்கில் நிற்கிறது. என் அனுபவமும் அதுவே. நவம்பர் கடைசியில் முகத்தில் அடிக்கும் முதல் அலை வெறும் அலையாகிவிட்டது.

கரையில் செய்த மாற்றம் இன்னும் பெரியது. சூட்டை வீட்டிலேயே இடுப்புவரை போட்டுக்கொண்டு, மேலே கம்பளிச் சட்டையோடு வண்டியில் வருகிறேன். வாகன நிறுத்தத்தில் வெற்றுடம்போடு நிற்கும் ஐந்து நிமிடம் மிச்சம். பிறகு எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டு, செயின்ட் ஜார்ஜ் தேவாலயக் கோபுரம் தெரியும் கல்லர்கோட்ஸ் முனைவரை மெதுவாக ஓடித் திரும்புவேன். உடம்பு நன்றாகச் சூடேறிய நிலையில் இறங்கும் நாளுக்கும், நடுங்கிக்கொண்டே இறங்கும் நாளுக்கும் தண்ணீரில் கிடைக்கும் நேரம் அரை மணிக்குக் குறையாமல் வித்தியாசப்படுகிறது.

டிசம்பர்: காற்று

இந்தக் கரை கிழக்கைப் பார்த்தது. மேற்கிலிருந்து கச்சான் வீசினால் அலை வழித்துவிட்ட மாதிரி சுத்தமாக நிற்கும். அதே காற்றுதான் நனைந்த சூட்டின் துணியிலிருந்து ஈரத்தை உறிஞ்சி, கூடவே உடம்பின் வெப்பத்தையும் கொண்டுபோகும். மார்பிலும் முதுகிலும் துணி இல்லாமல் வழவழப்பான ரப்பராகவே இருக்கும் சூட்டுகளில் தண்ணீர் தங்காமல் வழிந்துவிடுவதால் காற்று அவ்வளவு கடிப்பதில்லை. புதுச் சூட்டை அந்த வகையாகவே எடுத்தேன். கொஞ்சம் நகம் பட்டாலே கிழியும், கவனமாகப் போட வேண்டும்.

போர்டில் உட்கார்ந்து அலைக்குக் காத்திருக்கும் நேரம்தான் டிசம்பரில் ஆளைக் கொல்வது. செட் (அடுத்தடுத்து வரும் பெரிய அலைக் கூட்டம்) வராவிட்டால் சும்மா இருக்காமல் அங்குமிங்கும் கையால் துடுப்பிட்டுக்கொண்டே இருந்தேன். சூட்டும் பூட்ஸும் தண்ணீர் குடித்துக் கனப்பதால், கோடையில் ஓட்டுவதைவிட மிதப்பு கூடிய போர்டு எடுப்பது நல்லது. அலை சுலபமாகப் பிடிபடும், உடம்பும் ஓயாமல் வேலை செய்யும். காலை எட்டரைக்கு விடிந்து மாலை மூன்றே முக்காலுக்குள் இருட்டிவிடும் மாதம் என்பதால் இதற்குமேல் சோதிக்க வெளிச்சம் கிடைக்கவில்லை.

ஜனவரி: விரல்கள்

என் குளிர்காலத்தை முடித்து வைப்பது எப்போதும் விரல்கள்தான். ஆகவே அதிக நேரம் செலவிட்டது இதில்.

நடு உடம்பு குளிரத் தொடங்கியதும் உடம்பு செய்யும் முதல் காரியம், கை கால் ரத்தக்குழாய்களைச் சுருக்கி, ரத்தத்தை நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் ஒதுக்கிவிடுவது. அப்படியானால் விரலுக்கான வைத்தியம் விரலில் இல்லையே என்று தோன்றியது. மூன்று மில்லிமீட்டர் ஐவிரல் கையுறையை மாற்றாமல், சூட்டுக்குள் போடும், தலைமூடியோடு (தலையையும் காதையும் மூடும் தொப்பி) வரும் மெல்லிய உள்சட்டை ஒன்றை மட்டும் சேர்த்துப் பார்த்தேன். கையுறையைத் தொடாமலே விரல்கள் கூடுதல் நேரம் தாங்கின! அதன் பிறகு ஐந்து மில்லிமீட்டர் கையுறைக்கு மாறியபோது கிடைத்த கூடுதல் பலன் இதைவிடக் குறைவு. ஐந்து விரலும் தனித்தனியாக இருப்பதைவிட, இரண்டிரண்டு விரல் சேர்ந்திருக்கும் நண்டுக்கால் வகை கதகதப்பு. போர்டைப் பிடிக்கவும் முடிகிறது. கையுறையின் வாயைச் சூட்டின் கைக்கு உள்ளே செருக வேண்டும். வெளியே விட்டால் துடுப்பிடும்போது தண்ணீரை அள்ளிக் கொட்டும்.

இன்னொன்று: இறங்குமுன் பூட்ஸுக்குள்ளும் கையுறைக்குள்ளும் வெதுவெதுப்பான தண்ணீரை ஊற்றிக்கொள்வது. கடல் தண்ணீர் புகுமுன் அந்த இடத்தை நாமே நிரப்பிவிடுகிறோம். இதற்கென்று ஒரு பெரிய ஃபிளாஸ்க் வண்டியிலேயே கிடக்கிறது.

எப்போது ஏறுவது என்பதற்குக் கடிகாரத்தை நம்புவதை விட்டுவிட்டேன். கட்டைவிரலால் அதே கையின் சுண்டுவிரல் நுனியைத் தொட முடியவில்லையென்றால் கரைக்குப் போக வேண்டும், அவ்வளவுதான். என்னோடு இறங்கும் யாழ்ப்பாணத் தம்பி ஒருவர் ஒருநாள், "அண்ணை, இன்னும் ஒண்டு எடுத்திட்டு வாறன்" என்றார். "முதல்ல விரலைக் காட்டுப்பா" என்றேன். விரல் பாதி வழியில் நின்றது. பேசாமல் கூடவே வந்துவிட்டார். ஜனவரியில் தனியாக இறங்கவே கூடாது என்பதற்கு இதைவிட நல்ல காரணம் என்னிடம் இல்லை. தன் விரலைத் தானே சரியாகப் பார்க்கும் புத்தியைக் குளிர் முதலில் மழுக்கிவிடும்.

ஏறிய பிறகு

தண்ணீரை விட்டு வந்ததும் ஆபத்து தீர்ந்தது என்று நினைக்க வேண்டாம். கை காலில் குளிர்ந்து கிடக்கும் ரத்தம் நடு உடம்புக்குத் திரும்புவதாலும், குளிர் தோலிலிருந்து உள்நோக்கி இறங்கிக்கொண்டே இருப்பதாலும் கரையேறிய பிறகும் கொஞ்ச நேரம் உடம்பின் உள்வெப்பம் குறைந்துகொண்டே போகும். நன்றாக விறைத்த நாளில் உடனே சுடுதண்ணீர் ஷவரில் நிற்பது ஆகாது. தோலுக்கு ரத்தம் திடீரென்று பாய்ந்து தலைசுற்றி விழலாம். நான் முதலில் மேல்பாதியைக் கழற்றி, துடைத்து, கம்பளித் தொப்பியும் உலர்ந்த சட்டையும் போட்டுவிட்டுத்தான் கீழ்ப்பாதிக்கு வருகிறேன். காலடியில் ஒரு ரப்பர் விரிப்பு. பிறகு சுக்குக் காபி, வெல்லம் தூக்கலாக. நடுங்கினால் நடுங்கட்டும் என்று விடுகிறேன்; நடுக்கம் உடம்பு தானே போட்டுக்கொள்ளும் அடுப்பு. ஓட்டுநர் இருக்கையில் உட்காருவது நடுக்கம் நின்ற பிறகுதான்.

மார்ச்

வெயில் வந்துவிட்டது, கடல் மட்டும் இப்போதுதான் தன் குளிரின் அடியைத் தொட்டிருக்கிறது. கரையில் டி-சர்ட் போட்டவர்களைப் பார்த்துத் தடிமனைக் குறைத்துவிடக் கூடாத மாதம் இது. காதுக்கு அடைப்பான் போடுவதையும் நிறுத்தவில்லை. குளிர்ந்த நீரும் காற்றும் ஆண்டுக்கணக்கில் பட்டால் காதுத் துளைக்குள் எலும்பு வளர்ந்து வழியை அடைக்கும். சர்ஃபர்களிடம் அடிக்கடி காணும் பிரச்சினை, முற்றினால் அறுவைச் சிகிச்சைதான். தலைமூடி இருந்தாலும் அதற்குள் அடைப்பான் வேண்டும்.

புதுச் சூட்டின் முழங்கால் தையல் லேசாகப் பிரிந்திருக்கிறது. இந்த வாரம் நியோப்ரீன் பசை வைத்து ஒட்டி, உள்புறத்தை வெளியே திருப்பி நிழலில் காயப்போட வேண்டும். 5/4க்கு ஏப்ரல் கடைசியில் திரும்புவேன், பூட்ஸை மே வரை கழற்றுவதாக இல்லை. அடுத்த அக்டோபரில் தலைமூடி சூட்டோடு சேர்ந்த வகையையும் உள்சட்டையில் வரும் வகையையும் ஒரே அலைக்காலத்தில் மாற்றிப் பார்க்கப்போகிறேன்.