டயர் நட்டை அளவுக்கு மீறி இறுக்கிவிட்டார்களா? ஒர்க்‌ஷாப்பில் இப்படிப் பேசுங்கள்

காடியின் (காரின்) பின்பெட்டியான பூட்டில் கிடக்கும் எல் வடிவ ஸ்பேனரின் கைப்பிடி ஏறக்குறைய 30 சென்டிமீட்டர். எழுபது கிலோ ஆள் ஒருவர் அதன் நுனியில் ஏறி நின்றால் நட்டின் மேல் விழும் முறுக்கு விசை சுமார் 200 நியூட்டன் மீட்டர். பெரோடுவா மைவி காடிக்கு வேண்டியதோ 103. ஆக, ஏறி நின்றும் நட்டு அசையவில்லை என்றால் தேவையைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு அது பிடித்துக்கொண்டிருக்கிறது. சிலாங்கூரில் பத்தாங் பெர்ஜுந்தை (இப்போது பெஸ்தாரி ஜெயா) பக்கம் செம்பனைத் தோட்டத்துக்கு நடுவே, இருட்டின பிறகு பஞ்சரானால்தான் இந்தக் கணக்கின் அருமை புரியும்.

ஆனால் இதை மட்டும் வைத்துக்கொண்டு ஒர்க்‌ஷாப்பில் சண்டை போட முடியாது. டயர் மாற்றி நாலு மாதம் ஆகியிருந்தால் தவுக்கே (சீனக் கடை முதலாளி) "துரு பிடிச்சிருக்கு லா" என்பார். அவர் சொல்வதில் நியாயமும் உண்டு. செம்மண் சேறு, மழை, மறுபடி செம்மண் என்று ஓடும் காடியில் நட்டும், அது ஏறும் திருகுத் தண்டான ஸ்டட்டும் துருவால் ஒட்டிக்கொள்ளும். கழற்றும்போது வேண்டிய விசை, இறுக்கிய விசையைவிடக் கூடிப்போயிருக்கும். அதனால் டயர் மாற்றிய அன்றோ மறுநாளோ சோதித்துவிட வேண்டும். அப்போது துருவின் மேல் பழி போட இடமில்லை.

தோட்டத்து ஊர்களில் இந்தக் கோளாறு அதிகம் நடப்பதற்குக் காரணம் உண்டு. காலையில் செம்பனைக் குலை ஏற்றும் லாரிக்கு டயர் மாட்டுகிற அதே பையன்தான் மத்தியானம் உங்கள் புரோட்டோன் சாகா காடிக்கும் மாட்டுகிறான். பத்து ஸ்டட் லாரி ரிம்முக்கு 600 நியூட்டன் மீட்டர் அளவில் இறுக்க வேண்டியிருக்கும். காடிக்கு எடுக்கும் சின்ன அரை இஞ்ச் ஏர் கன்னும் (காற்றழுத்தத்தில் நட்டை முறுக்கும் கருவி) 400-க்கு மேல் சாதாரணமாகத் தரும். ட்ரிக்கரை விடாமல் "டட்டட்டட்" என்று நாலு விநாடி பிடித்தால் போதும், கதை முடிந்தது. கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. மேடு பள்ளத்தில் ஓடுகிற காடி, நட்டு கழன்றுவிடக்கூடாது என்ற பயம்தான். அந்தப் பயமே நட்டைக் கழல வைக்கிறது என்பதைத்தான் ஃபோர்மேனுக்கு விளக்க வேண்டும்.

ஸ்டட் என்பது ஒரு ஸ்பிரிங் மாதிரி. பெரோடுவா, புரோட்டோன், டொயோட்டா, ஹோண்டா பலவற்றிலும் அது 12 மில்லிமீட்டர் கனம், 1.5 மில்லிமீட்டர் இடைவெளியில் புரி (திருகு வரி). 103-க்கு இறுக்கும்போது ஸ்டட் மயிரிழை நீண்டு, ரிம்மை ஹப்போடு (சக்கரம் மாட்டும் அச்சுத் தட்டு) சேர்த்து ஏறத்தாழ நாலு டன் விசையில் அமுக்கிப் பிடிக்கிறது. ரிம்மைத் தாங்குவது இந்த அமுக்கம்தான். அளவுக்கு மேல் முறுக்கினால் ஸ்டட் நீண்டது நீண்டதாகவே நின்றுவிடும், பழைய நீளத்துக்குத் திரும்பாது. இழுத்துத் தளர்ந்த ரப்பர் பேண்டைக் கட்டினால் எப்படிப் பிடிக்கும்? அப்படித்தான் இதுவும். பிடி தளர்ந்ததும் குழியில் இறங்கும்போதெல்லாம் ரிம் நுணுக்கமாக அசையும், ஸ்டட் வளைந்து நிமிரும், ஒருநாள் முறியும். ஒன்று முறிந்தால் அதன் பாரம் பக்கத்தில் இருப்பவற்றின் தலையில் விழும்.

ஸ்போர்ட் ரிம்மில் (அலாய்) நட்டு உட்காரும் குழி நசுங்கும். இரும்பு ரிம்மில் துளையைச் சுற்றி வெடிப்பு விடும். ஸ்டட்டை ஹப்பில் பிடித்து நிறுத்தும் பல்வரிசை வழுக்கிப் போனால் நட்டைக் கழற்றும்போது ஸ்டட்டும் கூடவே சுற்றும். பிறகு வெட்டித்தான் எடுக்க வேண்டும். நாலு நட்டும் நாலு விதமாக இறுகியிருந்தால் நடுவில் மாட்டிக்கொண்ட பிரேக் டிஸ்க் கொஞ்சம் கோணும். சில ஆயிரம் கிலோமீட்டர் கழித்து பிரேக் மிதிக்கும்போது ஸ்டீரிங் நடுங்கும். அந்த நடுக்கத்தையும் டயர் நட்டையும் யாரும் முடிச்சுப் போட்டுப் பார்ப்பதில்லை, டிஸ்க்கைக் கடைந்து காசு வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுவார்கள்.

சரி, சோதனை. அரை இஞ்ச் டார்க் ரெஞ்ச் (வைத்த முறுக்கு விசை வந்ததும் 'க்ளிக்' என்று சொல்லும் ஸ்பேனர்) ஒன்று வேண்டும், 200 நியூட்டன் மீட்டர் வரை காட்டுவதாக. 19 அல்லது 21 மில்லிமீட்டர் சாக்கெட். காடியைத் தரையில் நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு, ஒரு நட்டைத் துடைத்து, நட்டிலிருந்து ரிம் வரை லிக்விட் பேப்பரால் (எழுத்துப் பிழையை அழிக்கும் வெள்ளை மை) ஒரே கோடாக வெள்ளை இழுங்கள். கைபேசியில் வீடியோ ஓடட்டும். முதலில் 103-இல் வைத்து, கழற்றும் பக்கம் அல்ல, இறுக்கும் பக்கமே மெதுவாக இழுங்கள். நட்டு நகராமல் 'க்ளிக்' கேட்டால் குறைந்தது அவ்வளவு இருக்கிறது. பிறகு 120, 140, 160, 180. எந்த எண்ணில் வெள்ளைக்கோடு பிளக்கிறதோ அங்கேயே நிறுத்திவிடுங்கள். உட்கார்ந்த நட்டை மறுபடி கிளப்ப, இறுக்கியதைவிடக் கொஞ்சம் கூடவே விசை வேண்டும். ஆகவே 115, 120 என்று வந்தால் அதைப் புகாராக எடுத்துக்கொண்டு போகாதீர்கள், அது சின்னத்தனம். 160-லும் அசையாவிட்டால் பேசலாம்.

இன்னும் நல்ல சாட்சி அடுத்து வருவது. அதே நட்டைச் சாதாரண ஸ்பேனரால் தளர்த்துங்கள் (டார்க் ரெஞ்சால் கழற்றாதீர்கள், அதன் அளவு கெடும்). பிறகு 103-க்கே இறுக்குங்கள். நட்டில் உள்ள வெள்ளை, ரிம்மில் உள்ள வெள்ளைக்கு முன்னாலேயே நின்றுவிடும். எவ்வளவு முன்னால் என்பதுதான் கேள்வி. நட்டுக்கு ஆறு முகம், ஒரு முகத்துக்கு 60 பாகை, அதாவது புரியில் கால் மில்லிமீட்டர். சரியாக இறுக்கும்போது ஸ்டட் நீள்வதே மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவுதான். அரை முகம் தள்ளி நின்றாலே எவ்வளவு அதிகம் என்று பாருங்கள். படிக்காத ஃபோர்மேனுக்கும் இந்த இடைவெளி கண்ணுக்குத் தெரியும். எண்ணைக் காட்டிப் பேசுவதைவிட இந்த வெள்ளைக்கோட்டைக் காட்டிப் பேசுவது மேல்.

பழைய டார்க் ரெஞ்சில் பவுண்ட் அடி என்ற இன்னொரு அளவும் இருக்கும், கவனம். 103 நியூட்டன் மீட்டர் என்றால் 76 பவுண்ட் அடி. கோடு மாறிப் பார்த்து பவுண்டில் 103 வைத்தால் நீங்களே 140-க்கு இறுக்கியவராவீர்கள். ஹோண்டாவுக்கு 108. ஐரோப்பியக் காடிகளில் பெரும்பாலும் நட்டு இல்லை, ஹப்புக்குள் நேரே போகும் போல்ட், போலோவுக்கு 120. உங்கள் காடிக்கு எவ்வளவு என்பதைக் கையேட்டில் பார்த்து அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து வையுங்கள். புகாரில் எடுபடுவது அந்தப் பக்கம்தான்.

இப்போது ஒர்க்‌ஷாப்புக்கு. வேறு கடைக்குப் போய்ச் சரிசெய்துவிட்டு வந்து கணக்குக் கேட்காதீர்கள். 1999 பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி, செய்த வேலையில் நியாயமான கவனமும் திறமையும் இருக்க வேண்டும். குறை இருந்தால் சரிசெய்ய முதல் வாய்ப்பை அந்தக் கடைக்கே தர வேண்டும். அவர்கள் மறுத்தாலோ இழுத்தடித்தாலோதான் வெளியில் செய்து செலவைக் கேட்க முடியும்.

போகும் நேரமும் முக்கியம். சனிக்கிழமை காலை பத்து பேர் வரிசையில் நிற்கும்போது தவுக்கேயைக் குறை சொன்னால் அவர் முகத்தைக் காப்பாற்றத்தான் பார்ப்பார். சாயங்காலம், கூட்டம் குறைந்ததும், பில்லோடு போங்கள். நம்மவர் என்றால், "அண்ணே, நேத்து போட்ட டயரு நட்டு ரொம்ப இறுகிப்போச்சு. 180-லயும் அசையல. கழட்டி நீங்களே பாருங்கண்ணே" என்றால் போதும். தவுக்கேயிடம், "நட் ரோடா கெத்தாட் சங்ஙாட், போஸ்" (சக்கர நட்டு ரொம்ப இறுகியிருக்கு, முதலாளி) என்று மலாயில் தொடங்கி வீடியோவைக் காட்டுங்கள். "ஏன் இப்படிச் செஞ்சீங்க" என்ற கேள்வியை மட்டும் எடுக்காதீர்கள். அதற்குப் பதில் வராது, கோபம்தான் வரும்.

என்ன வேண்டும் என்பதைத் தெளிவாகக் கேளுங்கள். பதினாறு நட்டையும் கையால் தளர்த்தி, ஒவ்வொன்றாகக் கழற்றி, ஸ்டட்டைப் பார்க்க வேண்டும். கழற்றிய நட்டை விரலாலேயே ஸ்டட்டில் கடைசி வரை ஓட்டிப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு போனால் நல்ல ஸ்டட். பாதி வழியில் இறுகினால் புரி நீண்டுவிட்டது. ஒரு புது நட்டை வைத்து ஓட்டியும் அதே இடத்தில் நின்றால் சந்தேகமே வேண்டாம். நட்டின் உட்புறத்தில் மெல்லிய கம்பிச் சுருள் மாதிரி இரும்புத் துகள் பளபளத்தால் புரி அரைபட்டிருக்கிறது. அந்த ஸ்டட்டையும் நட்டையும் கடை தன் செலவில் மாற்றித் தர வேண்டும். ஒரே ரிம்மில் இரண்டு கெட்டிருந்தால் நாலையும் மாற்றச் சொல்வது நியாயம். புது ஸ்டட்டை ஏர் கன்னால் இழுத்து ஏற்ற விடாதீர்கள். டயருக்குக் கொடுத்த பணத்தையே திருப்பிக் கேட்பது மட்டும் நியாயமில்லை; டயரில் குறை இல்லையே.

திரும்ப மாட்டும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். ஹப் முகத்துத் துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும். நட்டை முதலில் விரலால் ஓட்ட வேண்டும், கன்னால் அல்ல. எதிரெதிராக லேசாக இறுக்கி, ஜாக்கியை இறக்கி, டயர் தரையைத் தொட்டபின் டார்க் ரெஞ்ச். புரியில் கிரீஸ் தடவ வந்தால் தடுத்துவிடுங்கள். முறுக்கும் விசையில் பெரும்பகுதி உராய்வில்தான் போகிறது, பத்தில் ஒரு பங்கு அளவே ஸ்டட்டை இழுக்கிறது. கிரீஸ் உராய்வைக் குறைத்தால் அதே 103-லேயே ஸ்டட் அளவுக்கு மீறி நீளும்.

முடியாது என்று கையை விரித்தால், அன்றே வாட்சாப்பில் சுருக்கமாக எழுதி அனுப்புங்கள்: தேதி, காடி எண், ஓடிய கிலோமீட்டர், எந்த ரிம், எந்த எண்ணில் அசையவில்லை, என்ன செய்து தர வேண்டும், எந்தத் தேதிக்குள். அதற்கும் மசியாவிட்டால் பயனீட்டாளர் திரிபுனல் (தீர்ப்பாயம்) இருக்கிறது. போராங் 1 (படிவம் 1), கட்டணம் 5 ரிங்கிட், 50,000 ரிங்கிட் வரை கோரலாம், வழக்கறிஞர் வைக்க முடியாது, வேண்டியதும் இல்லை. நாலு ஸ்டட்டுக்காக அங்கே போவது அதிகம்தான். ஸ்டட் முறிந்து ரிம்மும் ஃபெண்டரும் போயிருந்தால் போகலாம். ஆனால் தொழிலுக்கு ஓடும் குலை லாரிக்காக அந்தக் கதவைத் தட்டாதீர்கள், அது சொந்தப் பயனீட்டுக்கான இடம்.

எல்லாம் சரியாக மாட்டிய பிறகும் 50-லிருந்து 100 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி ஒரு முறை டார்க் ரெஞ்ச் வைக்க வேண்டும். அதையும் தவுக்கேயின் கையாலேயே பில்லின் ஓரத்தில் எழுதி வாங்குங்கள்: "103, 100 கிலோமீட்டரில் செக்."